எங்கே படித்த கை? உடம்பு பிடித்துவிடும் தொழிலும் அதன் பள்ளிக்கூடங்களும்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் என் தங்கையின் மகள் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிற பிள்ளை. ‘மசாஜ் தெரபி, இரண்டே வாரத்தில் சான்றிதழ், வெளிநாட்டு வேலைவாய்ப்பு’ என்று அதில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கட்டணம் எவ்வளவு என்று இல்லை. யார் படிப்பிக்கிறார் என்றும் இல்லை. தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தது.

“மாமா, இதுல சேரட்டா? பொம்புளையளுக்கு மட்டும் செய்ற வேலைதான். உம்மா வேணாமெண்டு ஏசுறா. நீங்க சொன்னா கேப்பா.”

தங்கை அடுப்படியில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். “ஒஸ்தா வீட்டுப் பிள்ளையெண்டு சொல்றத ஊர் மறந்து இப்பதான் கொஞ்சக் காலம். இவ திரும்பவும் அந்த வேலைக்கே போகப் போறாவாம்.”

அந்த ஒரு வசனத்துக்குள் எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறை இருக்கிறது. எங்கள் உம்மாவின் வாப்பா ஊருக்கு ஒஸ்தா. முடி இறக்குவது, சுன்னத்து வைப்பது எல்லாம் அவர்தான். அவருடைய மனைவி, எங்கள் மூத்தம்மா, மருத்துவிச்சி. பிள்ளைப்பேறு பார்ப்பது, பெற்றவளுக்கு நாற்பது நாளும் எண்ணெய் போட்டு உடம்பு உருவிவிடுவது, வேது குளிப்பாட்டுவது, குழந்தைக்குக் கைகால் பிடித்துவிடுவது, சுளுக்கு வழிப்பது எல்லாம் அவவுடைய வேலை. நான் பல வருடம் ஆசிரியனாக இருந்தேன். ஊர் வரலாறு பற்றி எழுதியும் இருக்கிறேன். ஆனால் மூத்தம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. ஏனென்று யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

மருமகளுக்கு உடனே பதில் சொல்லாமல் ஒரு கிழமை தவணை கேட்டேன். உடம்பு பிடித்துவிடுகிறவரிடம் ‘நீ எங்கே படித்தாய்?’ என்று கேட்பது புதிய பழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை ஒருதரம் ஒழுங்காகப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லின் இறக்கம்

முதலில் அந்தச் சொல். ‘ஒஸ்தா’ என்பது ‘உஸ்தாத்’ என்ற பாரசீகச் சொல்லின் தேய்வு. ஆசான், தன் தொழிலில் தேர்ந்தவன் என்பது பொருள். மத்ரஸாவில் நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரையும் உஸ்தாத் என்கிறோம். ஒரே சொல்தான். ஓரிடத்தில் எழுந்து நின்று சலாம் சொல்ல வைக்கிறது. இன்னோரிடத்தில் கலியாணப் பேச்சில் குரலைத் தாழ்த்தச் செய்கிறது. கையால் செய்யும் தொழிலில் தேர்ந்தவனுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பு அந்தச் சொல்லில் மட்டும் மிச்சமாக இருக்கிறது, சொல்பவருக்கே தெரியாமல்.

அந்த மதிப்போடு ஒரு பொறுப்பும் இருந்தது. வைத்தியம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் வருகிறது. ஃபிக்ஹு அறிஞர்கள் இதை வைத்து நட்டஈடு பற்றி விரிவாக எழுதினார்கள். படித்துத் தேர்ந்து கவனமாகச் செய்தவனின் தவறு வேறு, படிக்காமல் துணிந்தவனின் தவறு வேறு என்ற பிரிப்பு இங்கிருந்தே தொடங்குகிறது.

பக்தாதில் நடந்த பரீட்சை

கி.பி. 931, ஹிஜ்ரி 319. அப்பாஸிய கலீபா அல்முக்ததிரின் காலம். ஒரு வைத்தியரின் பிழையால் பக்தாதில் ஒருவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. இனிமேல் தலைமை வைத்தியர் ஸினான் இப்னு தாபித் பரீட்சித்து அனுமதித்தவர் தவிர வேறு எவரும் வைத்தியம் செய்யக்கூடாது என்று கலீபா உத்தரவிட்டார். அந்த ஒரு நகரத்தில் 860க்கும் அதிகமானவர்கள் பரீட்சைக்கு வந்தார்கள் என்று வைத்தியர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ பதிந்திருக்கிறார்.

இந்தக் கூட்டத்தில் நடந்ததாக ஒரு சம்பவமும் சொல்லப்படுகிறது. நல்ல உடுப்பு உடுத்த, கண்ணியமான ஒரு முதியவர் வந்தார். ஸினான் அவரை மரியாதையாக உட்காரவைத்து, “யாரிடம் படித்தீர்கள்?” என்று கேட்டார். முதியவர் ஒரு பொதியை எடுத்து முன்னால் வைத்தார், உள்ளே பொற்காசுகள். தனக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியாது, ஆனால் குடும்பம் இருக்கிறது, பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்று ஒப்புக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டார். தெரியாத நோயில் கை வைக்கக்கூடாது, எளிய நோய் தவிர மற்றதற்கு இரத்தம் எடுக்கவோ பேதி கொடுக்கவோ கூடாது என்று நிபந்தனை போட்டு அவரை விட்டுவிட்டார். முதியவர், தான் வாழ்நாள் முழுக்கச் சர்பத்துக்கு அப்பால் எதுவும் கொடுத்ததில்லை என்றார். அடுத்த நாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் படித்தாய் என்று கேட்டால் வாப்பாவிடம் என்றான். அந்த வாப்பா முந்தைய நாள் வந்த முதியவர்தான். ‘அவருடைய வழியிலேயே இரு, அதைத் தாண்டாதே’ என்று அவனையும் அனுப்பிவைத்தார்.

இதை நகைச்சுவைக் கதையாகத்தான் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சட்டம் தெரிகிறது. அந்த முதியவரின் சான்றிதழ் அவருக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதில் இல்லை; எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததில் இருந்தது.

எலும்பு 248, மாதுளைத் தோல்

இரண்டு நூற்றாண்டு கழித்து, ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தில் வாழ்ந்த அல்ஷைஸரி, சந்தையையும் தொழில்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு ஒரு கைநூல் எழுதினார். ரொட்டி சுடுபவர் முதல் வைத்தியர் வரை ஒவ்வொரு தொழிலுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. எலும்பு முறிவு பார்ப்பவர்களைப் பற்றி அவர் வைக்கும் நிபந்தனை கவனிக்கத்தக்கது. கிரேக்க வைத்தியர் பவுலுஸின் நூலில் எலும்பு பொருத்துதல் பற்றிய ஆறாம் பாகம் தெரியாதவரை முஹ்தஸிப் அந்தத் தொழிலில் விடக்கூடாது. மனித உடம்பில் உள்ள 248 எலும்புகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் வடிவமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய உடற்கூற்றியல் வளர்ந்தவருக்கு 206 எலும்பு என்கிறது. அந்தக் காலத்தில் எண்ணிய முறை வேறு. எண்ணிக்கை மாறிப்போனது. ஆனால் உடம்பில் கை வைக்கிறவன் முதலில் உடம்பைப் படித்திருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

ஹம்மாமில் உடம்பு தேய்த்துவிடுபவரையும் அந்த நூல் விட்டுவைக்கவில்லை. தேய்ப்பவர் தன் கையில் மாதுளைத் தோலைப் பூசி உள்ளங்கையைச் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அழுக்குப் போகும், குளிக்கிறவருக்கும் சுகமாக இருக்கும் என்கிறது. ஒரு கூலித் தொழிலாளியின் உள்ளங்கை எப்படி இருக்க வேண்டும் என்பது வரைக்கும் நகரத்தின் கண்காணிப்பு நீண்டிருக்கிறது.

இதே கையின் வேலையை அறிவாக எழுதிவைத்தவர் இப்னு சீனா (980–1037). அவருடைய ‘அல்கானூன்’ ஐந்து பாகம் கொண்டது. முதற் பாகத்தில் உடற்பயிற்சியை அடுத்து ‘தல்க்’, அதாவது தேய்த்துப் பிடித்துவிடுதல், பற்றிப் பேசுகிறார். அழுத்தித் தேய்த்தால் உடம்பு இறுகும், மெதுவாகத் தேய்த்தால் தளரும், நீண்ட நேரம் தேய்த்தால் சதை வற்றும், அளவாகத் தேய்த்தால் உடம்பு தேறும் என்று வகுக்கிறார். முரட்டுத் துணியால் தேய்ப்பது வேறு, உள்ளங்கையால் தேய்ப்பது வேறு. பயிற்சிக்கு முன் உடம்பைத் தயாராக்கும் தல்க் மெதுவாகத் தொடங்கிப் போகப்போக வலுக்க வேண்டும்; பயிற்சிக்குப் பின் களைப்பை எடுக்கும் தல்க் எண்ணெயோடு மென்மையாக இருக்க வேண்டும். இன்று விளையாட்டு வீரர்களுக்கு மசாஜ் செய்யும் பயிற்சியாளர்கள் போட்டிக்கு முன், போட்டிக்குப் பின் என்று பிரித்துப் படிப்பிப்பதும் இதைத்தான்.

பிரைட்டன் கடற்கரையில் ஒரு பீகார்க்காரர்

நம்மவர் கை ஐரோப்பாவுக்குப் போன கதை சுவையானது. ஷேக் தீன் முஹம்மத் 1759இல் பாட்னாவில் பிறந்தவர். சிறு பிள்ளையாகவே கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையோடு சேர்ந்து, பின்னர் தன்னை வளர்த்த அயர்லாந்து அதிகாரியோடு 1784இல் கோர்க் நகரம் போய்ச் சேர்ந்தார். அங்கே ஜேன் டேலி என்ற பெண்ணை மணந்தார். அந்த நாட்டுத் திருச்சபையிலும் சேர்ந்துகொண்டார். 1794இல் அவர் வெளியிட்ட பயண நூல்தான் இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல். 1810இல் லண்டனில் ‘ஹிந்துஸ்தானி கோப்பிக்கடை’ திறந்தார். இரண்டு வருடத்தில் வங்குரோத்து. பிறகுதான் பிரைட்டனுக்கு வந்தார். மூலிகை நீராவியில் உடம்பை வேகவைத்து, பிளானல் துணிக் கூடாரத்துக்குள் கையை விட்டு உடம்பைப் பிடித்துவிடும் குளியலகத்தைத் தொடங்கினார். ‘அமுக்கு’ என்று பொருள்படும் ‘சாம்போ’ என்ற ஹிந்துஸ்தானிச் சொல்லிலிருந்துதான் இன்று நாம் தலைக்குப் போடும் ஷாம்பூவின் பெயர் வந்தது. நான்காம் ஜோர்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரண்டு மன்னர்களுக்கும் அவர் ‘ஷாம்பூயிங் சத்திரசிகிச்சையாளர்’ என்று பட்டம் பெற்றார். குணமடைந்தவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களைச் சுவரில் மாட்டிவைத்திருந்தாராம்.

எல்லாம் இருந்தும் அவரை ஒரு கேள்வி விடவில்லை. எங்கே படித்தீர்? 1822இல் தன் மருத்துவ முறை பற்றி அவர் எழுதிய நூலில், தான் 1749இல் பிறந்ததாகச் சொன்னார். அதாவது, தன் வயதைப் பத்து வருடம் கூட்டினார். அப்படி வந்த பத்து வருடத்தில் தான் மருத்துவம் பயின்றதாகவும் படையில் மருத்துவராக வேலை செய்ததாகவும் எழுதிவிட்டார். அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்த மைக்கேல் ஃபிஷர் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பாட்னாவில் தன்னைச் சுற்றிப் பார்த்து, வீட்டிலும் முடிதிருத்துவோரிடமும் பழகிவந்த அறிவை அப்படியே சொன்னால் அந்த நாட்டில் மதிப்பில்லை. ஆகவே இல்லாத பள்ளிக்கூடம் ஒன்றை அவர் உண்டாக்கவேண்டியிருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் என் மூத்தம்மாவின் தொழிலை மறைத்தவன்தான்; அவர் இல்லாததைக் கூட்டினார், நான் இருந்ததைக் கழித்தேன். தீன் முஹம்மத் 1851இல் பிரைட்டனில் காலமானார். அவருடைய பேரன் பிரடெரிக் அக்பர் முஹம்மத் (1849–1884) லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்து வைத்தியரானார். உயர் இரத்த அழுத்தத்தை நாடித்துடிப்புப் பதிவால் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவராக இன்றும் மருத்துவ வரலாற்றில் பேசப்படுகிறார். பாட்டன் கற்பனையில் படித்த பள்ளிக்கூடத்தில் பேரன் நிஜமாகவே படித்தார்.

பெயரைக் காப்பாற்றிய தாதியர்

தங்கை ஏசியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ‘மசாஜ்’ என்ற சொல்லே நம் ஊர்களில் காதில் விழக்கூடாத சொல்லாகிவிட்டது. அந்தப் பெயரில் நடக்கும் சில இடங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதை அவளும் வாசிக்கிறாள். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இதுவும் புதிதல்ல.

1894இல் லண்டனில் இதே பிரச்சினை வெடித்தது. மசாஜ் நிலையம் என்ற பெயரில் வேறு வியாபாரம் நடக்கிறது என்று பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை எழுதியது. நேர்மையாக அந்தத் தொழில் செய்த தாதியர் வெளியே முகம் காட்ட முடியாத நிலை. ரோசலிண்ட் பேஜெட் உட்பட நான்கு தாதிமார் சேர்ந்து அதே வருடம் ‘பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொழிலைக் கைவிடுவது அவர்களுக்குத் தீர்வாகத் தெரியவில்லை. பரீட்சை வைத்தார்கள், விதி எழுதினார்கள். வைத்தியரின் பணிப்பு இல்லாமல் செய்யக்கூடாது. வைத்தியர் விசேடமாகக் கேட்டால் தவிர ஆண்களுக்குப் பொது மசாஜ் செய்யக்கூடாது. மருத்துவப் பத்திரிகை தவிர வேறெங்கும் விளம்பரம் போடக்கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது. இவ்வளவுதான். இந்தச் சிறு சங்கம் 1920இல் அரச சாசனம் பெற்றது. 1944இல் பிசியோதெரபிச் சங்கம் என்று பெயர் மாறியது. இன்று ஆஸ்பத்திரிகளில் நாம் மரியாதையோடு போய் நிற்கும் பிசியோதெரபி என்ற துறை, ஒரு காலத்தில் ஏச்சு வாங்கிய ஒரு தொழிலின் பிள்ளை.

ஜப்பானின் கதை இன்னொரு வகை. அங்கே 17ஆம் நூற்றாண்டிலேயே ஸுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற வைத்தியர் தன்னைப் போன்றவர்களுக்கு ஊசி வைத்தியமும் ‘அன்மா’ என்ற பிடித்துவிடும் கலையும் கற்பிக்கப் பள்ளிக்கூடம் அமைத்தார். பிச்சை எடுக்கவேண்டியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் கலையால் தொழிலாளர்களானார்கள். இன்று அந்த நாட்டில் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டுமானால் குறைந்தது 3 வருடம் படிக்க வேண்டும். பிறகு தேசியப் பரீட்சை. மருமகளின் துண்டுப் பிரசுரத்தில் இருந்த ‘இரண்டே வாரம்’ இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது.

நம் நாட்டில்

இலங்கையில் இந்த அறிவுக்கு வீடு இல்லாமல் இல்லை. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டபோது ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானியும் சேர்ந்தே படிப்பிக்கப்பட்டது. 1977இல் அது கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. யூனானி வைத்தியத்தில் மருந்து கொடுப்பது ஒரு பகுதிதான். ஹிஜாமா, ஹம்மாம், உடற்பயிற்சி, தல்க் ஆகியவை அடங்கிய ‘இலாஜ் பித்தத்பீர்’ என்ற பகுதி தனியாக இருக்கிறது. இப்னு சீனாவின் அந்த வகைப்பாடு நம் பிள்ளைகள் படிக்கும் பாடத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் சித்தத்தையும் தன் வரைவிலக்கணத்துக்குள் சேர்த்துக்கொண்டு, வைத்தியர்களைப் பதியும் ஒரு மன்றத்தையும் ஏற்படுத்தியது.

வைத்தியராவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. தொழிற் பயிற்சியாகக் கற்க விரும்புகிறவருக்கு வேறு வழி உண்டு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பயிற்சி நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். தேசிய தொழிற் தகைமை என்று ஏழு மட்டங்கள் உண்டு. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். இதில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாமல் வேலை செய்து கற்றுக்கொண்டவர், தன் திறமையைக் காட்டி மதிப்பீட்டாளர் முன்னிலையில் தகைமை பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்கிறார்கள். ஸினான் இப்னு தாபித் முன்னால் வந்து நின்ற முதியவரும் மகனும் இன்று வந்தால் அந்த வரிசையில்தான் நிற்பார்கள். மூத்தம்மாவும் நின்றிருப்பா.

எண்ணெய்ச் சட்டி தூக்கிய காலம்

மருமகளைக் கூட்டிக்கொண்டு அந்த இரண்டு வார வகுப்புக்காரரைப் பார்க்கப் போனேன். ஊரைச் சொல்லவில்லை, பெயரும் வேண்டாம். குளிரூட்டிய அறை, சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள்.

“பரீட்சை ஆர் வைக்கிற?” என்று கேட்டேன்.

“நாங்கதான் சேர் வைக்கிற. எல்லாரும் பாஸ் பண்ணுவாங்க. பயப்படத் தேவல்ல.”

“கை பழகுறது?”

“வீடியோ இரிக்கி சேர். தெளிவா விளங்கும்.”

மருமகள் அதுவரை வாய் திறக்கவில்லை. எழும்புகிற நேரத்தில் ஒன்று கேட்டாள். “சேர், ஆருக்குச் செய்யக்கூடாதெண்டு படிச்சுத் தருவீங்களா?” அவர் சிரித்தார். “வாற கஸ்டமர வேணாமெண்டு சொல்லி அனுப்புற தொழிலா மகள் இது?”

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவளுக்கு மூத்தம்மாவின் கதை ஒன்றைச் சொன்னேன். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். பிள்ளை பெற்று இரண்டு கிழமையான ஒரு பெண்ணுக்கு உடம்பு உருவ மூத்தம்மாவைக் கூப்பிட்டார்கள். நான் எண்ணெய்ப் போத்தலோடு வாசல் வரை போனவன். உள்ளே போனவ கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டா. “ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில சூடா இரிக்கி. இதுல நான் கை வைக்க மாட்டன். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றா. வீட்டார் ஏசினார்கள். கூலி கூடக் கேட்கிறா என்று ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆனாலும் கொண்டு போனார்கள். அந்தப் பெண் இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள்.

பிள்ளை பெற்ற பெண்ணின் கால் நரம்பில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பதும், அந்தக் காலை அழுத்தித் தேய்த்தால் கட்டி இடம்பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும் என்பதும் இன்று எந்த நல்ல மசாஜ் பயிற்சியிலும் முதல் மாதத்திலேயே சொல்லித்தரும் பாடம். மூத்தம்மாவுக்குப் பெயர் தெரியாது, அடையாளம் தெரியும். எப்படித் தெரியும் என்று பிற்காலத்தில் நான் கேட்டபோது, “எங்கட மாமிக்குப் பின்னால பத்து வருஷம் எண்ணெய்ச் சட்டி தூக்கினன் மகன். அவ தொட விடல்ல, பாக்கத்தான் விட்டா” என்று சொன்னா.

அதுதான் அவவுடைய பள்ளிக்கூடம். அதற்குச் சுவரும் இல்லை, சட்டம் போட்ட சான்றிதழும் இல்லை. ஆனால் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் என்னென்ன இருக்க வேண்டுமோ அவை அதில் இருந்தன. தேர்ந்த ஒரு கையின் பக்கத்தில் நீண்ட காலம் நின்று பார்த்தல். அந்தக் கை பார்த்திருக்கத் தன் கை பழகுதல். எங்கே நிறுத்துவது என்ற அறிவு. பிழைத்தால் ஊரே கேள்வி கேட்கும் என்ற பயம். அதில் இல்லாமல் போனது ஒன்றுதான்: அவவுக்குத் தெரியும் என்று வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுக்கும் தாள். அந்த ஒரு தாள் இல்லாததால் அந்த அறிவு முழுவதும் அவவோடு கபுறுக்குப் போனது. என் உம்மா கற்கவில்லை, கற்க விடவில்லை. எங்களுக்கு அது வெட்கமாக இருந்தது.

ஆகவே மருமகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். “படி மகள். ஆனா படிப்பிக்கிறவனே பரீட்சையும் வெச்சு எல்லாரையும் பாஸாக்குற இடத்துல படிக்காத. எலும்பையும் நரம்பையும் முதல்ல படிப்பிக்குதா பார். எத்தின பேர்ர உடம்புல, ஆர் பக்கத்துல நிண்டு பாக்க, கை பழக விடுறாங்க எண்டு கேள். ஆருக்குச் செய்யக்கூடாது எண்டு ஒரு பட்டியல் இரிக்கா எண்டு கேள். பொம்புளையளுக்குப் பொம்புளையே படிப்பிக்கிறாவா, கதவு எப்பிடி, விதி எழுதி ஒட்டியிருக்கா எண்டு பார். பதிவு இலக்கத்த வாங்கி ஆணைக்குழுவுக்குக் கோல் எடுத்துச் சரி பார். வெளிநாட்டு வேல எண்டு சொன்னா, அந்த நாடு இந்தச் சான்றிதழ ஏத்துக்குமா எண்டு காசு கட்ட முதலே விசாரி.”

இரண்டு மாதம் அலைந்தோம். கடைசியில் பதிவுள்ள ஓர் இடம் கிடைத்தது. ஆறு மாத வகுப்பு. படிப்பித்த பெண்மணியிடம் மருமகள் அதே கேள்வியைக் கேட்டாள். அவ சிரிக்கவில்லை, இலாச்சியைத் திறந்து இரண்டு பக்கத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தா. காய்ச்சல், தோல் தொற்று, புதிய முறிவு, ஒரு கால் மட்டும் வீக்கம் என்று வரிசையாக எழுதியிருந்தது. நான்காவது வரியில் மருமகள் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

விண்ணப்பப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிரப்பினோம். ‘முன் அனுபவம் அல்லது குடும்பத்தில் இத்தொழில் செய்தோர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் பேனையை நிறுத்தி உம்மாவைப் பார்த்தாள். தங்கை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

“எழுது. முழுப் பேரையும் பிழையில்லாம எழுது. அவட பேர் ஒரு இடத்திலயும் எழுதப்படல்ல.”

இதை வாசிப்பவர்களில் பலரையும் உலகுக்கு எடுத்தது ஒரு மருத்துவிச்சியின் கை; உங்கள் உம்மாமாரின் இடுப்பை உருவி எழுப்பி நடக்க வைத்ததும் அந்தக் கைதான். அவர்களில் சிலராவது இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் படித்தார்கள், யாருக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டி தூக்கினார்கள், எதில் கை வைக்க மறுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது பேரையும் சேர்த்தே எழுதுங்கள்.